கல்லறைக்குமா இரண்டு பாதை?

ஆகஸ்டு மாதம் முடியப்போகும் நாட்களில் மரக்காணம் வழியாகச் செல்லும் கடற்கரைச் சாலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். காவி உடை, தோளில் சிறு மூட்டை, கையில் கொடி. சின்னத் தள்ளுவண்டியில் மாதா சிலை, அதைச் சுற்றிக் காகிதப் பூ. சென்னையிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் கால்நடையாகவே வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள். 29ஆம் நாள் அங்கே கொடி ஏறும், செப்டம்பர் 8இல் திருவிழா நிறைவுறும். நம் பகுதி மக்களும் அந்தக் கூட்டத்தில் கலந்து நடக்கிறார்கள். கிளியனூர்ப் பக்கத்துக் கூலிக்காரனும் மரக்காணத்து உப்பளத் தொழிலாளியும் ஒரே வரிசையில் நடக்கிறார்கள். வழியில் ஒருவர் சோறு கொடுத்தால் இருவரும் வாங்கி உண்கிறார்கள். கொப்புளம் வெடித்த காலுக்கு ஒருவர் மற்றவருக்கு எண்ணெய் தடவுகிறார். நீ எந்தத் தெரு என்று அந்தப் பத்து நாளும் யாரும் கேட்பதில்லை.

பதினோராவது நாள் வீடு திரும்புகிறார்கள். அன்றைக்குத்தான் கேள்வி பிறக்கிறது.

நாம் இங்கே கடவுள் உண்டா இல்லையா என்று வாதாட வரவில்லை. அந்த வாதத்தில் நமது கருத்து என்ன என்பது இந்த ஏட்டைப் படிக்கும் தோழர்களுக்குத் தெரியும். நாம் பேச வந்தது மனிதனைப் பற்றி. அதிலும் செத்துப்போன மனிதனைப் பற்றி. அவனைத் தூக்கிக்கொண்டு போகும் பாதையைப் பற்றி.

கிளியனூர் பெரிய ஊர் அல்ல. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பேருந்தில் ஏறியவர்கள் சன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்து போகும் ஊர். கிழக்கே போனால் கழுவெளி ஏரி, அதற்கும் கிழக்கே மரக்காணத்து உப்பளம், அதையும் தாண்டினால் கடல். பழைய பெருமை இல்லாத மண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இது. அந்த நூலில் வரும் எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். சங்கப் பாட்டில் உமணர் உப்பு வண்டி ஓட்டினார்கள். இன்றைக்கும் இந்தக் கரையில் உப்பு விளைகிறது. தை பிறந்தால் பாத்தி கட்டுகிறார்கள், ஐப்பசி மழை வந்தால் பாத்தி கரைந்து போகிறது. மழை மாதங்களில் அடுப்பு எரிய வேறு கூலி தேட வேண்டும். உப்பு வாரும் பலகை பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப் போகிறது, உப்புநீரில் நின்று நின்று குதிகால் வெடிக்கிறது, வெள்ளை வெளேரென்ற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. அந்தப் பாத்தியில் வன்னியரும் நிற்கிறார், ஆதிதிராவிடரும் நிற்கிறார். உப்பு இருவர் காலையும் ஒன்றுபோலவே தின்கிறது.

இந்த வட்டாரத்துக் கத்தோலிக்கர்கள் எல்லாரும் புதுச்சேரி–கடலூர் உயர் மறைமாவட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஊருக்கு ஊர் சின்னக் கோயில் இருக்கும், பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு பங்குச் சாமியார் இருப்பார். ஞாயிறு காலை மணி அடிக்கும். பூசை முடிவில் அறிவிப்பு வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை உண்டென்றால் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி என்று சொல்வார்கள். யார் வீட்டில் நோயாளி, எந்த அன்பியத்துக்கு எந்த நாள் செபம், பாஸ்கா நாடகத்தில் யாருக்கு யூதாஸ் வேடம் (அதற்கு மட்டும் போட்டியே இருக்காது!) என்ற செய்தி எல்லாம் அங்கேதான். செய்தித்தாள் வராத காலத்திலும் பங்குக் கோயிலின் வாசற்படி ஊருக்குச் செய்தித்தாளாக இருந்தது. ஏழைக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள், மருந்தகம் வைத்தார்கள். அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் அந்த அறிவிப்பில் வாசிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. தேர் எந்தத் தெருவோடு நின்றுவிடும் என்பது. எந்தப் பிணம் எந்த வழியாகக் கோயிலுக்கு வரலாம் என்பது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்!

எறையூரைத் தோழர்கள் மறந்திருக்க முடியாது. உளுந்தூர்பேட்டை வட்டம், அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், 2019க்குப் பின் கள்ளக்குறிச்சி மாவட்டம். இதே உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பெரிய கத்தோலிக்க ஊர். ஊரில் வன்னியக் கிறிஸ்தவர்கள் மிகுதி, ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் குறைவு. ஒரே ஞானஸ்நானம், ஒரே பூசை, ஒரே மாதா. ஆனால் ஆதிதிராவிடர் வீட்டுப் பிணம் கோயிலுக்கு நேராகச் செல்லும் பெரிய தெரு வழியாக வரக்கூடாது. சவ வண்டி வேறு, கல்லறைத் தோட்டம் வேறு. எத்தனை ஆண்டு பொறுப்பார்கள்? தங்கள் பகுதியில் சகாய மாதா கோயிலை எழுப்பினார்கள். அதைத் தனிப் பங்காக அறிவித்துத் தனிச் சாமியாரைத் தாருங்கள் என்று கேட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! தனிப் பங்கு கேட்டவர்களின் நெஞ்சில் பிரிய வேண்டும் என்ற ஆசையா இருந்தது? வீட்டில் தட்டைப் பிடுங்குகிறவனோடு எத்தனை நாள் ஒரே பந்தியில் உட்காருவது என்று தனி இலை கேட்டார்கள். அதுவும் கிடைக்கவில்லை. 2008 மார்ச்சு முதல் வாரத்தில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். மார்ச்சு 9, ஞாயிற்றுக்கிழமை. தவக்காலம், குருத்து ஞாயிற்றுக்கு ஒரு வாரமே இருந்தது. அன்றைக்கு ஊர் இரண்டாகி மோதியது. வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. இரண்டு உயிர் போயிற்று. இறந்த இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள்.

அப்போது கோட்டையில் இருந்தது கலைஞர் தலைமையிலான ஆட்சி. அதை நாம் மறைத்து எழுத வேண்டிய தேவை இல்லை. சுட்ட துப்பாக்கி அரசுடையது. ஆனால் அந்த நாளைக் கொண்டுவந்து சேர்த்தது எது? ஒரு தெருவின் வழியே ஒரு பிணம் போகலாமா கூடாதா என்ற வழக்கம். அந்த வழக்கத்தைக் காப்பாற்றப் போய் இரண்டு தாய்மார் பிள்ளைகளை இழந்தார்கள். மேல்தட்டு என்று சொல்லிக்கொண்டவர்களுக்கும் அந்த வழக்கம் தந்த பரிசு பிணம்தான்! அதற்குப் பிறகு, இந்த வேதமே வேண்டாம், பழைய மதத்துக்கே போய்விடுவோம் என்று சிலர் மிரட்டியதாகவும் செய்தி வந்தது. சாதியா வேதமா என்று கேட்டால் சாதியே என்று இவ்வளவு வெளிப்படையாக வேறு யாரும் சொன்னதில்லை.

இது 2008இல் முளைத்த களை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பூணூல் அணிந்தார், சைவ உணவு உண்டார், பார்ப்பனத் துறவிபோல வாழ்ந்தார். உயர்ந்தவர் எனப்பட்டோருக்கு ஒரு வகைச் சாமியார், தாழ்ந்தவர் எனப்பட்டோருக்குப் பண்டாரச் சாமியார் என்று பிறகு பகுத்துக் கொண்டார்கள். வேதம் பரவட்டும், சாதி அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பது அந்தக் கணக்கு. நொபிலியின் தமிழ்த் தொண்டை நாம் மதிக்கிறோம். அந்தக் கணக்கை மதிக்க மாட்டோம். 1704இல் போப்பாண்டவரின் தூதர் தெ தூர்நோன் புதுச்சேரியிலேயே தங்கி, இந்த முறைகளைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். நாற்பது ஆண்டு இழுபறி. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவாக ஆணையிட்டார்.

மறு ஆண்டே, 1745இல், புதுச்சேரிச் சம்பா கோயிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். சுவருக்கு ஒரு புறம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், மறு புறம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளையரும். தாழ்த்தப்பட்டவர்கள் திரண்டு போய், நாங்களும் உங்கள் சீடர்கள் தாமே, ஏன் இந்தச் சுவர் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். பிள்ளை கிறிஸ்தவர் அல்லர், நமது இயக்கத்தவரும் அல்லர், துய்ப்ளேயிடம் பணி செய்த பெரிய வணிகர். அவர் எழுதியது நமக்காக இட்டுக்கட்டியது அல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

தெற்கே நெல்லைச் சீமையில் வடக்கன்குளம். அங்கே 1872இல் கட்டிய கோயிலையே இரண்டு கால் வைத்துக் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் கால்சட்டையை விரித்து வைத்தது போலிருக்கும். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மறு சாதி, இரண்டும் கூடும் இடத்தில் பீடம். உலகத்தில் கட்டடக் கலைக்கு எத்தனையோ நூல் உண்டு, சாதியைக் கல்லால் கட்டும் கலை நம் நாட்டுக்கே சொந்தம்! 1910இல் கௌசானல் என்ற பிரெஞ்சுச் சாமியார் நடுச் சுவரை அகற்றினார். வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதி மன்றம் வரை போனார்கள். தோற்றார்கள். சுவர் திரும்ப எழவில்லை. ஒரு சாமியாருக்கு நெஞ்சுரம் இருந்தால் சுவர் விழும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

திருச்சபைத் தலைவர்கள் ஒன்றுமே சொல்லவில்லையா என்றால், சொன்னார்கள். நிறையவே சொன்னார்கள். 1990இல் தமிழக ஆயர்கள் தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். 2003 நவம்பரில் உரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதி வேற்றுமையைக் கடிந்து பேசினார். 2004இல் எட்டு அம்சத் திட்டம் வந்தது. பதினான்கு ஆண்டில் பத்து எட்டாயிற்று என்று ஒரு தோழர் நம்மிடம் கேலி செய்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டுத் திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வதற்கும் துணிவு வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் என்ன நடந்தது? கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையம் ஊரின் தலித் கிறிஸ்தவர்கள், தங்கள் தெருவுக்குத் தேர் வருவதில்லை, திருவிழாவில் தங்களுக்குப் பங்கு இல்லை என்று உச்சநீதி மன்றத்தில் நின்றார்கள். நீதிமன்றம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 1745இல் சாமியாரிடம் கேட்ட கேள்வியை 280 ஆண்டு கழித்து டெல்லியில் போய்க் கேட்க வேண்டி இருக்கிறது!

இதையெல்லாம் படித்துவிட்டு, அடேயப்பா, கிறிஸ்தவர்களிடம் இவ்வளவா என்று காவிக் கட்சிக்காரர் மகிழ வேண்டாம். இந்தச் சரக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்ததல்ல. ஏசு பிறந்த ஊரில் சேரி கிடையாது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரை நடுத்தெருவில் மட்டும் உலா வரச் செய்தது நம் ஊர் வேலை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. அதன் பிறகு மாதா கோயில்களில் லத்தீன் போய்ப் பூசை முழுவதும் தமிழாயிற்று. கருவறையில் தமிழ் நுழைந்தால் தீட்டு என்று இங்கே சிலர் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், பீடத்திலேயே தமிழ் ஏறிவிட்டது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்று 1970இல் சட்டம் செய்தோம், 2006இல் மீண்டும் முனைந்தோம், 2021இல்தான் பயிற்சி பெற்றவர்களைப் பணியில் அமர்த்த முடிந்தது. மாதா கோயிலில் ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளை சாமியாராக எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை, 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் மக்களிடமிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். இத்தாலியிலிருந்து வந்து தேம்பாவணி தந்த வீரமாமுனிவருக்கு 1968இல் சென்னைக் கடற்கரையில் சிலை எழுப்பியது நமது இயக்கத்தின் ஆட்சி. பாராட்ட வேண்டியதைப் பாராட்டியே வந்திருக்கிறோம். அந்த உரிமையில்தான் கேட்கிறோம்: பீடத்தில் ஏறிய தமிழ் கல்லறைப் பாதையில் ஏன் ஊமையாகிறது?

இனி டெல்லியின் பங்கு. இதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தவர் அல்லாதார் அட்டவணைச் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் கதவு அடைத்தபடியே இருக்கிறது. அதே மனிதர் நாளைக்கு இந்துவாகத் திரும்பி, சொந்தச் சாதியார் ஏற்றுக்கொண்டால் பழைய சலுகை திரும்பக் கிடைக்கும் என்று உச்சநீதி மன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது. தண்ணீர் தெளித்தால் சாதி போய்விடுகிறதாம், திருநீறு பூசினால் வந்துவிடுகிறதாம்! நடுவில் அது எங்கே போய் ஒளிந்திருந்தது? எறையூர்த் தெருவில் இருந்தது. கோட்டப்பாளையத்துத் தேர்ச் சக்கரத்தில் இருந்தது. ஊருக்குத் தெரிந்தது சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

இதன் விளைவை நம் பகுதியிலேயே காணலாம். வானூர் தனித்தொகுதி. திண்டிவனமும் தனித்தொகுதி. விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. இந்த மூன்றிலும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் வாக்களிக்கலாம், கொடி கட்டலாம், சுவரில் சின்னம் வரையலாம், வேட்பாளராக நிற்க முடியாது. நமது கிளைகளில் இருபது ஆண்டு உழைத்த தோழர்கள் இருப்பார்கள். பட்டியலில் பெயர் பரிசீலிக்கும்போது, இவர் சர்ச்சுக்குப் போகிறவராயிற்றே என்று ஒரு குரல் எழும். அதோடு முடிந்தது. ஆகவேதான் எத்தனையோ வீடுகளில் ஞானஸ்நானத்தில் அந்தோணி, பள்ளிச் சான்றிதழில் ஆறுமுகம். பிள்ளைக்கு இரண்டு பெயர் வைத்து, எந்த அலுவலகத்தில் எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பும் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில், கிறிஸ்தவ நெறியில் வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்சநீதி மன்றம் கூறியது. ஏமாற்றுகிறவர் யார்? இரண்டு பெயர் வைக்க வேண்டிய நிலையை உண்டாக்கியவரா, அந்த நிலையில் சிக்கிய பெண்ணா?

வன்கொடுமைச் சட்டமும் கை கொடுக்காது. கிறிஸ்தவராகிவிட்டவர் அந்தச் சட்டத்தின் காப்பைக் கோர முடியாது என்று 2025இல் ஆந்திர உயர்நீதி மன்றம் தீர்ப்பளித்தது. அடிப்பவன் சாதி பார்த்து அடிப்பான், சட்டம் மதம் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும்!

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத் தடையை நீக்கலாம் என்று அறிக்கை தந்தது. தூசி படிந்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். இரண்டு ஆண்டுக் கெடு, கெடு முடிந்ததும் நீட்டிப்பு. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முன்மொழிந்த தீர்மானம் நிறைவேறியது. கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடருக்கும் அட்டவணைச் சாதி உரிமைகள் வேண்டும் என்று ஒன்றிய அரசை வலியுறுத்தியது. பாரதிய ஜனதா உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். தமிழக அரசு தன் அதிகாரத்துக்கு உட்பட்ட கல்வி உதவியை அந்தப் பிள்ளைகளுக்கும் கொடுத்துத்தான் வருகிறது. தொகுதிக்கும் ஒன்றிய அரசு வேலைக்கும் டெல்லியின் கையெழுத்து வேண்டும்.

சாமியார்களைக் கேட்டோம், டெல்லியைக் கேட்டோம். நம்மையும் கேட்க வேண்டாமா?

திருவிழா நாட்களில் நமது கிளைச் செயலாளர்கள் எங்கே இருக்கிறார்கள்? மேடையில் சமத்துவம் பேசிய தோழரே, தேர் சேரியின் எல்லையில் திரும்பும்போது வடம் பிடித்தவர்களில் நீங்களும் ஒருவராக இல்லையா? வாக்குப் போய்விடும் என்ற அச்சம் என்கிறார்கள். வன்னியர் வாக்கும் வேண்டும், ஆதிதிராவிடர் வாக்கும் வேண்டும், ஆகவே இரண்டு பக்கமும் பேசாமல் இருப்போம் என்பது ஒரு தந்திரமாம். பேசாமல் இருந்ததன் விலையை 2013இல் மரக்காணத்தில் பார்த்தோம். மாமல்லபுரத்துச் சித்திரை விழாவுக்குப் போன கூட்டத்தை ஒட்டி ஏப்ரல் 25இல் மூண்ட கலவரத்தில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. அங்கே சிலுவை இல்லை, மாதா இல்லை. சாதி மட்டும்தான் இருந்தது. உப்பளத்தில் பக்கத்துப் பாத்தியில் நின்றவர்கள் மறு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள். உப்பு முதலாளிக்கு அதனால் ஒரு காசும் நட்டமில்லை, கூலி உயர்த்திக் கேட்க இரு கைகளும் ஒன்று சேராமல் போனதால் இலாபம்தான்.

ஆகையால் வேலையைச் சின்ன இடத்தில் தொடங்கலாம். பங்குப் பேரவையில் நமது தோழர்கள் பல ஊர்களில் உறுப்பினராக இருக்கிறார்கள். வரி நிர்ணயிக்கும் கூட்டத்திலேயே, எல்லாத் தெருவிலும் ஒரே வரி வாங்கு, எல்லாத் தெருவுக்கும் தேர் விடு என்று கேளுங்கள். கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் ஆடு மாடு நுழையாமல் இருக்க வெளியே இருக்கட்டும், நடுவில் எதற்கு என்று கேளுங்கள். சவ வண்டி ஒன்றே இருக்கட்டும், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அதே வண்டி அதே தெருவில் போகட்டும் என்று எழுதி வாங்குங்கள். வன்னிய வீட்டுத் தோழர் எழுந்து கேட்டால்தான் அதற்கு எடை. ஆதிதிராவிடத் தோழர் 280 ஆண்டாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று மாலை மெழுகுவர்த்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு எல்லாரும் தத்தம் பெற்றோர் கல்லறைக்குப் போவார்கள். தோழர்கள் தங்கள் ஊரில் எத்தனை தோட்டம், எத்தனை வழி, எத்தனை வண்டி என்று பார்த்து நமக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். ஊர்ப் பெயர் போதும், உங்கள் பெயர் வேண்டாம். வரும் அட்டைகளை இந்தப் பத்தியிலேயே வெளியிடுவோம். ஒரே பாதை உள்ள ஊர்களின் பெயரை முதலில் போடுவோம்.